நெருப்பில்லாத அடுப்பு

விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு என நமது குசினிகள் எத்தனையோ அடுப்புகளைக் கண்டுவிட்டன. அவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஆபத்தை அவை மறைப்பதில்லை. சுவாலை கண்ணுக்குத் தெரியும். புகை மூக்குக்குத் தெரியும். ஒருமுறை சுட்டுக்கொண்ட குழந்தை மறுமுறை தானாகவே விலகிக்கொள்ளும். ஆனால், இந்நாளிற் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ள 'மைக்ரோவேவ்' என்னும் நுண்ணலை அடுப்பு நெருப்பையும் காட்டாது, புகையையும் காட்டாது. இதனாற் போலும், சிலர் அதனைக் காரணமின்றி அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்சவேண்டிய இடத்திலும் அஞ்சாதிருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் பயன்படுமாறு சில விடயங்களை இவ்வாரம் ஆராய்வோம்.

இவ்வடுப்பு யுத்தகாலத்தில் உதித்தது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. எதிரி விமானங்களைக் கண்டறியும் 'ராடார்' சாதனத்துக்கெனப் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ராண்டால், ஹரி பூட் என்னும் விஞ்ஞானிகள் 1940ஆம் ஆண்டில் ஆற்றல்மிக்க 'மக்னட்ரோன்' குழாயொன்றை அமைத்தனர். அமெரிக்காவில் ரேதியோன் நிறுவனத்திற் பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர் என்பவர், அத்தகைய குழாயின் அருகே நின்றபொழுது தமது சட்டைப்பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகியதைக் கவனித்தார் என்பர். 1945ஆம் ஆண்டில் அவர் இதற்குரிய காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆளுயரமும் 340 கிலோகிராம் நிறையும் உடையதாயிருந்தது. மேசைமீது வைக்கத்தக்க வீட்டு அடுப்பு பரவத் தொடங்கியது 1967ஆம் ஆண்டின் பின்னரே.

இது வேலைசெய்யும் முறை யாது? மக்னட்ரோன் வெளியிடும் அலை, செக்கனுக்கு ஏறத்தாழ 245 கோடி தடவை அதிர்கிறது. அவ்வதிர்வுக்கேற்ப உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகள் இங்குமங்கும் திரும்ப முயன்று, ஒன்றோடொன்று மோதுகின்றன. அதுவே வெப்பமாகின்றது. ஆயினும் அலை உணவினுள் இரண்டு மூன்று சென்றிமீற்றர் ஆழத்துக்கே செவ்வையாகச் செல்லும். அதற்கும் உள்ளே இருப்பது, வெளிப்புறத்துச் சூடு மெல்ல மெல்லப் பரவுவதாலேயே வேகவேண்டும். அன்றியும், அடுப்பினுள் அலை எல்லா இடத்திலும் ஒரே வலுவுடன் விழுவதில்லை. தட்டைச் சுழல வைத்திருப்பதன் காரணம் இதுவே.

இனி, வீண் அச்சத்தைப் பார்ப்போம். இவ்வடுப்பிற் சூடேற்றிய உணவில் கதிரியக்கம் தங்கிவிடும் என்று அஞ்சி, அதனைத் தொட மறுக்கும் பெரியோர் உளர். எக்ஸ் கதிரைப் போன்று அணுக்களைச் சிதைக்கும் சக்தி நுண்ணலைக்கு இல்லை. விளக்கை அணைத்ததும் ஒளி மறைவதுபோல, அடுப்பு நின்றதும் அலையும் மறைந்துவிடும். உணவில் எஞ்சுவது சூடு மாத்திரமே. கதவின் கண்ணாடியிற் காணப்படும் உலோக வலையின் துளைகள் மிகச் சிறியன. அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்றிமீற்றர். ஆகவே ஒளி வெளிவரும் வழியால் நுண்ணலை வெளிவருவதில்லை. ஆனால் கதவு வளைந்தோ, பூட்டு உடைந்தோ, வலை கிழிந்தோ இருப்பின் அவ்வடுப்பை உபயோகித்தலாகாது. அதனை வீட்டிற் கழற்றித் திருத்த முயல்வதும் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் உட்பகுதியில் உயிரைப் பறிக்கவல்ல உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

உண்மையான ஆபத்துகள் வேறிடத்தில் இருக்கின்றன. முதலாவது, வெறும் தண்ணீர். வழவழப்பான கோப்பையில் அளவுக்கு மீறிச் சூடேறிய நீர், 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதியாமல் அமைதியாக இருக்கக்கூடும். அதிலே தேயிலையையோ சீனியையோ இட்டவுடன், அல்லது கரண்டியை அமிழ்த்தியவுடன், நீர் முழுவதும் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். ஆதலின் தேவைக்கு மிஞ்சிய நேரம் சூடேற்றற்க. மரக்கரண்டியொன்றைக் கோப்பையில் இட்டுச் சூடேற்றுக. அடுப்பு நின்றபின் அரை நிமிடமாவது பொறுத்து எடுக்க.

இரண்டாவது, மூடுண்ட பொருள்கள். கோதுடன் கூடிய முட்டையை இதிலே வைத்தால் வெடிக்கும். கோது நீக்கிய அவித்த முட்டையும், எடுத்துக் கடிக்கும் வேளையில் வெடிக்கக்கூடும். உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியாற் குத்தியபின் வைத்தல் வேண்டும். இறுக மூடிய போத்தலும் டப்பாவும் உதவா.

மூன்றாவது, பாத்திரம். அலுமினியத் தாளும், பொன்விளிம்பிட்ட பீங்கானும், எவர்சில்வர்ப் பாத்திரமும் தீப்பொறியை எழுப்பக்கூடும். கடையில் வாங்கிய சோற்றுப் பொதியை அப்படியே உள்ளே வைத்தல் பெருந்தவறு. அதனைச் சுற்றிய பத்திரிகைத்தாள் தீப்பற்றலாம். உள்ளிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகிச் சோற்றோடு சேரலாம். மெலமைன் தட்டுகளும் இதற்கு ஏற்றவையல்ல. கண்ணாடி அல்லது சாதாரண வெள்ளைப் பீங்கானே சிறந்தது. பிளாஸ்டிக் ஆயின், நுண்ணலை அடுப்புக்கு உகந்தது என அடையாளமிட்டதை மாத்திரம் பாவிக்க.

நான்காவது, குழந்தையின் பாற்போத்தல். போத்தலின் வெளிப்புறம் இளஞ்சூடாகவே இருக்க, உள்ளே ஓரிடத்துப் பால் வாயைச் சுடுமளவுக்குக் கொதித்திருக்கலாம். பாலை இவ்வடுப்பில் வைக்காது, வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் போத்தலை நிறுத்திச் சூடாக்கும் பழைய முறையே பத்திரமானது.

ஐந்தாவதாக, பழைய சோற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிசியில் இயல்பாகவே வாழும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சோறு வேகும்பொழுதும் அழிவதில்லை. காலையிற் சமைத்த சோறு நமது நாட்டு வெப்பத்தில் மாலைவரை கிடந்தால், அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சில் ஒருவகை, மீண்டும் சூடேற்றினாலும் கெடாது. எனவே எஞ்சிய சோற்றை அகன்ற பாத்திரத்திற் பரப்பி விரைவில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். நெடுநேரம் வெளியிலே கிடந்ததை எந்த அடுப்பும் நல்லதாக்கிவிடாது.

குளிரூட்டிய உணவைச் சூடேற்றும் முறையாவது: நடுவிற் சிறு குழிவிட்டுப் பரப்புக, சிறிது நீர் தெளித்துத் தளர்வாக மூடுக, பாதியில் எடுத்துக் கிளறுக, முடிந்தபின் இரண்டு நிமிடம் பொறுக்க. உணவின் நடுப்பகுதியும் 74 பாகை செல்சியஸை அடைதல் வேண்டும். நடுவிலிருந்தும் ஆவி நன்கு எழும்வரை சூடேற்றுக. மூடியைத் திறக்கும்பொழுது, ஆவி முகத்திற் படாதவாறு அப்புறமாகத் திறக்க.

அடுப்பினுள் தீப்பற்றினால் கதவைத் திறவாதீர்கள். ஆளியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டியுங்கள். காற்றின்றித் தீ அடங்கிவிடும். வெறுமையாக அடுப்பை இயக்குதலும் கூடாது. 800 வாட் எனக் குறித்த அடுப்பு சுவரிலிருந்து 1200 வாட் அளவில் மின்சாரத்தை இழுக்கும். ஆதலின் மெல்லிய நீட்டுக் கம்பியில் இணைக்காது, சுவர் இணைப்பில் நேரே மாட்டுதல் வேண்டும்.

தாயும் தந்தையும் தொழிலுக்குச் சென்றிருக்க, பாடசாலையால் வரும் பிள்ளை தானே உணவைச் சூடாக்கி உண்ணும் வீடுகள் இன்று பெருகிவிட்டன. அவ்வீடுகளில் இவ்வடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஒருமுறை பாருங்கள். அலுமாரியின் மேலிருந்து கொதிக்கும் சூப்பைக் கைநீட்டி இறக்கும் பிள்ளை, அதைத் தன் முகத்திலேயே கவிழ்த்துக்கொள்ளும். பாவிப்பவரின் நெஞ்சளவுக்கு மேற்படாத இடமே தக்கது. சிறுபிள்ளைகள் திரவம் எதனையும் சூடாக்குதலாகாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். தவறிச் சுட்டுவிடின், பற்பசையும் வெண்ணெயும் பூசாது, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்து, காயம் பெரிதாயின் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டிலிருப்பர். அவர்களை அருகழைத்து, ஒரு கோப்பைச் சோற்றைச் சூடாக்கும் முறையை முதலிலிருந்து கடைசிவரை செய்துகாட்டுங்கள். பின்னர் அவர்களையே செய்யவிட்டு, நீங்கள் பார்த்து நில்லுங்கள். நாளை மதியம் நீங்கள் அருகில் இல்லாத வேளையிலும் அப்பாடம் அவர்களுடன் இருக்கும்.