விழித்திரையின் அபயக் குரல்

சென்ற இதழில் நீரிழிவு நோயாளிகள் பாதங்களைப் பேணும் முறையைப் பார்த்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், கண்ணைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தார். அவருடைய கடிதம் வந்த அதே வாரத்தில், எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் சுபுஹுத் தொழுகைக்குப் பின் முஸ்ஹஃபை விரித்து வைத்தபடி ஓதாமல் அமர்ந்திருக்கக் கண்டேன். "எழுத்தின் மேல் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது ஹஜ்ரத், ஒன்றும் தெரியவில்லை" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். ஒருமுறைகூட விழித்திரையைக் காட்டியதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே பார்வை மங்கியிருக்கிறது. "வலி இல்லையே, பேத்தியின் நிக்காஹ் முடியட்டும் என்றிருந்தேன்" என்றார்.

வலி இல்லாமையே இந்நோயின் பெரும் சூழ்ச்சியாகும்.

கண்ணின் பின்புறத்தே மெல்லிய திரையாக அமைந்துள்ள விழித்திரை, நம் உடலில் பிராணவாயுவை மிக அதிகமாகச் செலவிடும் உறுப்புகளில் ஒன்று. அதன் உட்பகுதிக்கு அவ்வாயுவைக் கொண்டு சேர்ப்பவை மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் பழுதுபடுகிறது. வெள்ளை அணுக்கள் அச்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சிறுகச் சிறுகக் குழாய்கள் அடைபடுகின்றன. விழித்திரை மூச்சுத் திணறத் தொடங்குகிறது.

அப்போது அது வாளாவிருப்பதில்லை. அபயக் குரல் எழுப்புகிறது. பிராணவாயு போதிய அளவு உள்ளவரை உயிரணுவுக்குள் அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் 'ஹிஃப்' என்னும் புரதம், அவ்வாயு குறைந்தவுடன் அழியாமல் சேர்ந்துவிடுகிறது. அது புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் 'வி.இ.ஜி.எஃப்.' என்ற தூதுப் பொருளைச் சுரக்கச் செய்கிறது. உயிரணுக்கள் பிராணவாயுவின் அளவை உணரும் இந்த நுட்பத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தூதுப் பொருள் தனியே வருவதில்லை. இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 போன்ற அழற்சித் தூதுவர்களும் உடன் பெருகுகின்றன. காயம் பட்ட இடத்திற்கு வெள்ளை அணுக்களை அழைப்பது இவற்றின் பணி. தீப்பற்றிய வீட்டின் கூக்குரல் கேட்டு ஓடிவந்த கூட்டமே வாசலை அடைத்துக்கொண்டால் என்னவாகும்? அதுவே இங்கு நிகழ்கிறது. வந்து சேரும் வெள்ளை அணுக்கள் குறுகிய குழாய்களை மேலும் அடைக்கின்றன. குழாய்ச் சுவர்கள் தளர்ந்து நீர் கசிகிறது. கூர்மையான பார்வைக்குரிய மஞ்சள் புள்ளி வீங்குகிறது, எழுத்துகள் மங்குகின்றன. புதிதாக முளைக்கும் குழாய்களோ வலுவற்றவை; அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசிவதே, நம் பெரியவர் கண்ட கறுப்பு நூல்கள். முற்றிய நிலையில் தழும்புத் திசு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

விழித்திரையில் ஏதோ ஒரு பொருள் சுரந்தே புதுக்குழாய்களை வளர்க்கிறது என்று 1948 இல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். 1994 இல் நோயாளிகளின் கண்நீர்மத்தில் வி.இ.ஜி.எஃப். மிகுந்திருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதை அடக்கும் ரானிபிசுமாப் ஊசி மருந்து, நீரிழிவால் வரும் மஞ்சள் புள்ளி வீக்கத்திற்கென 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வூசி எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. அழற்சித் தூதுவர்களின் பங்கு அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அத்தகையோருக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவதுண்டு. அதனால் கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும் என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை. லேசர் சிகிச்சையோ விழித்திரையின் ஓரப் பகுதியைச் சுட்டு, பிராணவாயுவின் தேவையைக் குறைத்து, அபயக் குரலைத் தணிக்கிறது. இவை பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காப்பவை. முற்றிலும் இழந்ததை மீட்பது அரிது.

ஆகவே வருமுன் காப்பதே அறிவுடைமை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்ததை 1998 இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைக்க வேண்டும். பொதுவாக நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்குமாதலால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முன்பே நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்கத்திலேயே கண்ணைக் காட்டுவது மிக அவசியம். கண்ணாடி மாற்றும் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது இப்பரிசோதனை ஆகாது.

நிக்காஹ் முடியட்டும், ரமளான் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு நோன்பைப் பிறகு நோற்கும் சலுகையை மார்க்கம் அளித்திருக்கிறது. பார்வைக்கு அத்தகைய தவணை இல்லை. பார்வை குறித்து மறுமையில் விசாரணை உண்டு என்று திருமறை எச்சரிப்பதை மேடைகளில் எடுத்துச் சொல்கிறோம். எதைப் பார்த்தோம் என்பதோடு, அந்த அமானிதத்தை எப்படிப் பேணினோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பெரியவருக்கு இடக்கண் தேறி வருகிறது. வலக்கண்ணைப் பற்றி மருத்துவர் உறுதி கூறவில்லை. இப்போது பெரிய எழுத்து முஸ்ஹஃபில் ஓதுகிறார். ஓதி முடித்ததும் அருகில் அமர்ந்திருப்பவரிடம், "சர்க்கரை உண்டா? கண்ணைக் காட்டினீரா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை இன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக! ஆமீன்.