எளிய மொழி எது?

நம் சங்கத்திற்குப் புதிதாக வரும் தம்பி தங்கையர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுண்டு. "கணினிக்கு எந்த மொழியைக் கற்பது? எது செல்வாக்குடையது? எது எளிது?" உடனே ஏதேனும் ஒரு தரப்பட்டியலை எடுத்து நீட்டுவது நம்மவர் வழக்கம். அப்பட்டியல் எதை அளக்கிறது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? அறிவியல் மாணவனுக்கு அளவைவிட அளவுகோல் முக்கியமன்றோ?

நெதர்லாந்தின் டியோபி நிறுவனம் 2001 முதல் வெளியிட்டு வரும் பட்டியல், ஒரு மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்னும் சொல்லும் சேர்ந்து வரும் பக்கங்களைத் தேடுபொறிகளின் வாயிலாக எண்ணுகிறது. பி.ஒய்.பி.எல். என்னும் மற்றொரு பட்டியலோ, அம்மொழிக்கான பாடங்களைக் கூகுளில் எத்தனை முறை தேடினர் என்று எண்ணுகிறது. முன்னது எழுதப்பட்டதன் கணக்கு. பின்னது கற்க விழைந்தோரின் கணக்கு. கற்றுத் தேர்ந்தோர் எத்தனை பேர், பாதியில் விட்டோர் எத்தனை பேர் என்று இரண்டுமே சொல்வதில்லை.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகளைக் காணாதார் நம்முள் இலர். அங்கே ஒரு மொழிக்குரிய நூல்கள் மலைபோல் குவிந்து கிடந்தால் என்ன பொருள்? பலர் விரும்பிப் படித்தனர் எனலாம். பாடத்திட்டம் கட்டாயப்படுத்தியது எனலாம். தேர்வு முடிந்ததும் பலர் தலைமுழுகினர் என்றுங்கூடச் சொல்லலாம். குவியல் ஒன்று, காரணம் மூன்று!

எளிமையை அளப்பது இன்னும் கடினம். பழகியவனுக்கு எல்லாம் எளிது. ஆகவே புதியவனைச் சோதித்தே அறிதல் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெபிக்கும் சுசானா சீபெர்ட்டும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறே செய்தனர். சொற்களையும் குறிகளையும் கண்டபடி பொறுக்கி அமைத்த ஒரு போலி மொழியில் எழுதிய புதியவர்களைவிட, ஜாவா, பெர்ல் நடையில் எழுதிய புதியவர்கள் குறிப்பிடத்தக்க அளவு திருத்தமாக எழுதவில்லை; பைதான், ரூபி நடைகளில் எழுதியோர் திருத்தமாக எழுதினர். ஜாவாவின் பெரும் செல்வாக்கு புதியவனுக்குக் கைகொடுக்கவில்லை.

இது வெறும் ஏட்டு வாதமன்று. தாராவியின் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் தம்பிக்குக் கணினி மொழிக்கு முன்பே ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. அவன் தடுமாறினால் 'மந்தம்' என்று முத்திரை குத்துகிறோம். தடை அறிவிலா, மொழியிலா என்று யார் அளந்தார்? முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. 'எழில்' வேலை வாங்கித் தராது என்பர். மெய்தான், நடைவண்டியும் ஊர் கொண்டு சேர்ப்பதில்லை. அதற்காகக் குழந்தையிடமிருந்து அதைப் பறிப்பாருண்டோ?

ஆகவே ஒன்று சொல்வேன். நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடத்தட்டும். புதியவர்களைச் சீட்டுக் குலுக்கி இரு அணியாக்குவோம். இரண்டிற்கும் பைதானே பாடம். ஓரணிக்கு ஆங்கில விளக்கம், மற்றதற்குத் தமிழ் விளக்கம். ஒரே கணக்கைக் கொடுத்து, எடுத்த நேரத்தையும் செய்த பிழைகளையும் குறிப்போம். மூன்று வாரம் கழித்து எத்தனை பேர் திரும்பி வருகின்றனர் என்றும் பார்ப்போம். சிறு கூட்டத்தின் கணக்கு உலகத்திற்கு நிரூபணமாகாது; ஆயினும் நம் தம்பியின் கால் எங்கே இடறுகிறது என்று காட்டும்.

நண்பர்களே, பட்டியலை மனனம் செய்தது போதும், அளக்கத் தொடங்குவோம்!