குறையறிந்து நிரப்புக

சுவரை வைத்தே சித்திரம் எழுதுதல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல்நலமே சுவர், கல்வி, தொழில், புகழ் ஆகிய யாவும் அதன்மேல் எழுதப்படும் சித்திரங்கள். இற்றை நாளில் இளைஞர் பலர் இவ்வுண்மையை உணர்ந்திருக்கின்றனர். விடியற்காலையில் விளையாட்டுத் திடலில் ஓடுகின்றனர். மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகின்றனர். விளையாட்டை வீண்பொழுது என்று பெரியவர்கள் கடிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அது மெல்ல மாறி வருவது கண்டு மகிழ்கின்றேன். ஆயின் அம்மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் என் உள்ளத்தில் எழுந்துள்ளது. அதனை உங்களிடம் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் இறுதியாகக் கற்பித்த வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன், ஒரு நாள் மாலை என் இல்லத்திற்கு வந்தான். பதினேழு வயதினன், மாவட்டப் போட்டிகளில் கபடி ஆடுபவன். அவன் கையில் ஒரு பெரிய டப்பா இருந்தது. மலைபோல் தோள்கள் திரண்ட ஒருவனின் படம் அதன்மேல் பொலிந்தது.

"ஐயா, ஆட்டத்தின் பிற்பாதியில் எனக்கு மூச்சு வாங்குகிறது, கால்கள் தளர்ந்துவிடுகின்றன. இந்தப் பொடியைப் பாலில் கலந்து குடித்தால் ஒரே மாதத்தில் உடம்பு தேறிவிடும் என்று கடையில் சொன்னார்கள். இதில் எழுதியிருப்பதைச் சற்றுப் படித்துச் சொல்லுங்கள்" என்றான்.

விலை என்ன என்று கேட்டேன். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் என்றான். அவன் தந்தையார் கட்டட வேலை செய்பவர். பல நாள் வெயிலில் நின்று செங்கல் சுமந்து அவர் ஈட்டிய பொருள் அது.

சொல்லுக்குப் பொருள் காண்பதே என் வாழ்நாள் தொழிலாதலின், மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு அமர்ந்தேன். டப்பாவின் முகப்பில் வலிமையும் வெற்றியும் பெரிய எழுத்துகளில் முழங்கின. பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்துகளில், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று என்று எழுதியிருந்தது. அதன்கீழ் நீண்டதொரு பெயர்ப் பட்டியல் இருந்தது. அவற்றுள் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, எனக்கு விளங்காத பொருளை நீ உண்ணலாம் என்று நான் எவ்வாறு சொல்வேன்? அது கிடக்கட்டும். உன் உடம்பில் என்ன குறை என்று யாரேனும் சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை.

மாணவர்களே! புரதப் பொடி, வைட்டமின் மாத்திரை, கிரியாட்டின் முதலாய இப்பொருள்களைத் துணையுணவு என்று நாம் வழங்கலாம். துணை என்னும் சொல்லே அதன் இயல்பைக் கூறிவிடுகின்றது. முதல் இருந்தாலன்றித் துணைக்கு வேலை இல்லை. எழுவாயும் பயனிலையும் இல்லாத தொடரில் அடைமொழிகளை எத்தனை அடுக்கினாலும் பொருள் பிறக்குமோ? அதுபோலவே நல்லுணவும், முறையான பயிற்சியும், நிறைந்த உறக்கமும் இல்லாத உடம்பில் எந்தப் பொடியும் வலிமையைப் பிறப்பிப்பதில்லை.

இதனால் துணையுணவு அனைத்தும் பயனற்றவை என்று கருதிவிடலாகாது. அவை மனித குலத்திற்குச் செய்த நன்மை பெரிது. முன்னாளில் நெடுந்தொலைவு கடல் கடந்த மாலுமிகள் ஸ்கர்வி என்னும் நோயால் ஈறு வீங்கி, குருதி கசிந்து மாண்டனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம் பெற்றனர்.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நிகழ்ந்ததுண்டு. குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அரிசியை மிகுதியாகத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் வைட்டமினும் கழிந்து போகின்றது. அக்குறையால் விளைவதே பெரிபெரி. அன்று ஓர் அறையில் தொடங்கிய அவ்வாய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கின்றது.

இவ்விரு செய்திகளிலும் ஓர் உண்மை புலப்படும். மருத்துவர்கள் முதலில் குறை யாது என்று தேடினர். அதன் பின்னரே அதனை நிரப்பும் பொருளைக் கண்டனர். இன்றைய கடைத்தெருவிலோ பொருள் முதலில் வருகின்றது. அதற்கேற்ற குறையை நாமே நம் உடம்பில் கற்பித்துக்கொள்கின்றோம்.

உடலை வளர்ப்பதில் புரதத்திற்குச் சிறந்த இடம் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று நம் நாட்டு அறிஞர்கள் கணித்துள்ளனர். கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கு அது 1.2 கிராம் முதல் 2 கிராம் வரை வேண்டப்படலாம். 60 கிலோ எடையுள்ள கபடி வீரனுக்கு, கீழெல்லையாகக் கொண்டால், ஏறத்தாழ 72 கிராம் ஆகும். இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், நூறு கிராம் பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, மூன்று வேளைச் சோறு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 80 கிராம் கிடைத்துவிடும். மீன் உண்பவர்க்கு இன்னும் எளிது. பாலைத் திரித்து எடுக்கும்போது பிரியும் தெளிநீரைப் பதப்படுத்தி உலர்த்தியதே புரதப் பொடிகளுள் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள். அதில் மாயம் ஒன்றும் இல்லை.

தேவைக்கு மேல் உண்ட புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதனை எரிபொருளாகச் செலவிடும். எஞ்சியதைக் கொழுப்பாக மாற்றும். கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றும். சிறுநீரகத்தில் நோயுள்ளவர்க்கு அது சுமையாகும். தசையை வளர்ப்பது பயிற்சி. அதற்குச் செங்கல் கொண்டுவந்து கொடுப்பதே புரதத்தின் பணி. கொத்தனார் இல்லாத இடத்தில் செங்கலைக் குவித்தால் வீடு எழும்பிவிடுமா? உடலைத் திரட்டுவதற்காகப் புரதப் பொடியை நாடுதல் வேண்டா என்றே, முன்னர்க் கூறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு நெறிகளில் அறிவுறுத்தியுள்ளது.

விளையாட்டில் மெய்யாகவே பயன் தருவன சிலவும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழு கூட்டிய அறிஞர் அவை 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத்திறனை நேராக உயர்த்துவதற்கு நல்ல சான்று உடையன என ஐந்து பொருள்களே குறிக்கப்பட்டன. அவை காஃபீன், கிரியாட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட் என்பன. இவற்றுள் காஃபீன் காபியில் உள்ளது. கிரியாட்டின் இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. நைட்ரேட் கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ளது. இறுதியாகக் கூறியது நம் அடுக்களையில் இருக்கும் சமையல் சோடாவே. இவையும் எல்லார்க்கும் எல்லா ஆட்டத்திற்கும் பயன்படுவன அல்ல. அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும், உறக்கத்தைக் கெடுக்கும். மேலும் இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை வளர்ந்தோரிடம் நிகழ்ந்தவை. வளரும் பருவத்தினரான உங்களிடம் நிகழ்ந்தவை மிகச் சில. கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களோ எண்ணில் அடங்கா, சான்றுடையன ஐந்தே.

பயனின்மையினும் கொடியது ஒன்று உண்டு. அது டப்பாவின்மேல் எழுதாத பொருள் உள்ளே இருத்தல். ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வாளர்கள், 13 நாடுகளிலிருந்து 634 துணையுணவுப் பொருள்களை வாங்கிச் சோதித்து, அதன் முடிவை 2004இல் வெளியிட்டனர். அவற்றுள் 94 பொருள்களில், தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் மேலுறையில் குறிக்கப்படாமல் கலந்திருந்தன. நூற்றுக்குப் பதினைந்து என்னும் அளவு அது. வெளியே ஒன்று எழுதி உள்ளே வேறொன்று வைப்பது வாணிகமாகுமோ?

எழுதப்பட்டிருந்தும் தீங்கு செய்தன சில. அமெரிக்க நாட்டில் ஸ்டீவ் பெக்லர் என்னும் 23 வயதுப் பேஸ்பால் வீரர், 2003ஆம் ஆண்டில் பயிற்சியின்போது வெப்பத் தாக்கால் வீழ்ந்து உயிர் துறந்தார். உடல் எடையைக் குறைப்பதற்காக அவர் உட்கொண்ட எஃபிட்ரா என்னும் செடிப்பொருளும் அச்சாவிற்குத் துணைபுரிந்தது என்று மருத்துவ ஆய்வர் கூறினார். மறு ஆண்டிலேயே அந்நாட்டு அரசு எஃபிட்ரா கலந்த துணையுணவுகளைத் தடை செய்தது. செடியிலிருந்து எடுத்தது ஆதலின் தீங்கற்றது என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது! எட்டிக்காயும் செடிகொடிகளின் உலகத்தில் விளைவதே அன்றோ?

உயிர் தப்பினும் பெயர் தப்புவதில்லை. ஜெசிகா ஹார்டி என்னும் அமெரிக்க நீச்சல் வீராங்கனை 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தேர்வு பெற்றார். அவ்வேளையில் நிகழ்ந்த சோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று அவர் உடம்பில் காணப்பட்டது. தாம் உண்ட துணையுணவில் அது தமக்குத் தெரியாமல் கலந்திருந்தது என்று அவர் முறையிட்டார். நடுவர் மன்றம் அதனை ஏற்றுத் தண்டனையை இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. ஆயினும் பெய்ஜிங் போட்டியில் அவர் நீந்தவில்லை. நான்காண்டு காத்திருந்து 2012இல் லண்டனில் பதக்கம் பெற்றார். எத்தனை பேருக்கு அவ்விரண்டாம் வாய்ப்புக் கிட்டும்? தன் உடம்பில் காணப்படும் பொருளுக்கு வீரன் தானே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதி. நம் நாட்டிலும் ஊக்கமருந்துத் தடுப்பிற்கென 2022இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அறியாமல் உண்டேன் என்னும் சொல் தண்டனையைக் குறைக்கலாம். இழந்த ஆட்டத்தை மீட்டுத் தாராது.

இவற்றைக் கேட்டு, பழஞ்சோறும் பழைய வழக்கமுமே போதும், மற்றவை எல்லாம் ஏமாற்று என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றை முழுதும் ஏற்பதற்கில்லை. மெக்காரிசன் குன்னூரில் இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட பஞ்சாபியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த நம் பக்கத்து உணவை உண்டவை மெலிந்து பின்தங்கின. உண்மை நமக்கு உவப்பாயினும் அன்றாயினும் அதனை ஒப்புதல் வேண்டும். நம் தட்டில் குறை இருக்கலாம். மருத்துவர் கண்டு சொன்ன குறைக்கு மாத்திரை உண்பதும் தவறன்று. பெரும் போட்டிகளுக்குச் செல்லும் வீரர், உணவு வல்லுநரின் மேற்பார்வையில், சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பொருளை உண்பதும் உண்டு. குற்றம் துணையுணவில் இல்லை. குறையறியாது உண்பதிலேயே உள்ளது.

என் மாணவனின் செய்திக்கு வருகின்றேன். மறுநாள் அவனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மருத்துவர் குருதியைச் சோதித்தார். அவனுக்கு இருந்த குறை புரதக் குறை அன்று, இரும்புச்சத்துக் குறை. ஆக்சிஜன் என்னும் உயிர்வளியைத் தசைகளுக்குச் சுமந்து செல்லும் ஆற்றல் குருதியில் குன்றியிருந்தது. மூச்சடக்கிப் பாடிச் செல்லும் கபடியில் அவன் தளர்ந்ததற்குக் காரணம் அதுவே. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரைகளை விலையின்றியே கொடுத்தார். கீரையும் பருப்பும் உண்ணுமாறும், உணவோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்க்குமாறும், உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவதை விடுமாறும் கூறினார். அளவை மீறி மாத்திரை விழுங்கினால் இரும்பும் நஞ்சாகும் என்றும் எச்சரித்தார்.

திரும்பி வந்த அவன் தலை கவிழ்ந்து நின்று, "ஐயா, இதே மாத்திரையைப் பள்ளியில் வாரந்தோறும் கொடுத்தார்கள். நாங்கள் அதைச் சன்னல் வழியே எறிந்துவிடுவோம்" என்றான். அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. அவ்வகுப்பில் அவர்களுக்கு இலக்கணம் கற்பித்தவன் நான். மாத்திரை என்னும் சொல்லுக்கு ஒலியின் அளவு என்று பொருள் கூறிய நான், அவர்கள் கையில் இருந்த மாத்திரையின் பொருளைக் கூறினேன் அல்லேன்.

அன்று நான் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கின்றேன். எதனையும் வாயில் இடுமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். என் உடம்பில் உள்ள குறை யாது? அக்குறையைக் கண்டு சொன்னவர் மருத்துவரா, விற்பவரா? இப்பொருளினுள் இருப்பது இன்னது என்பதற்கு உறுதி என்ன? இவற்றிற்கு விடை கிடைக்கும்வரை டப்பா மூடியே இருக்கட்டும். சத்துணவில் தரும் முட்டையை ஒதுக்காதீர். பள்ளியில் தரும் மாத்திரையை எறியாதீர். ஐயம் தோன்றினால் மருத்துவரை வினவுங்கள். திடலில் சிந்தும் வியர்வைக்கு மாற்றாக எந்தக் கடையிலும் ஒரு பொருள் விற்பதில்லை. குறையறிந்து நிரப்புங்கள், அளவறிந்து உண்ணுங்கள், அயராது ஆடுங்கள்.