உழைத்த கைக்கு ஏன் வெட்கம்?

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தருகே கருவாடு காயவைக்கும் அம்மையார் ஒருவர், தம் புறங்கைக் கரும்புள்ளிகளை நீக்கவென வாங்கிய வெண்மைக் களிம்பை அண்மையில் என்னிடம் காட்டினார். சிமிழில் உற்பத்தியாளர் பெயரே இல்லை.

2015இல் அமெரிக்கா, புறங்கையின் மெலிவைச் சீராக்கும் ஊசிநிரப்பி ஒன்றை அனுமதித்தது. வசதியுள்ளோர் ஏற்றிக்கொள்ளட்டும், எனக்கு வழக்கில்லை. பெயரற்ற களிம்புகளையே சாடுகிறேன். இத்தகைய பலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. தோலூடாக உட்புகும் அது சிறுநீரகத்தைச் சிதைக்கும்.

கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்களை மினமாட்டா உடன்படிக்கை 2020உடன் விலக்கியது. பாதரசம் சேர்த்த அனைத்தையும் 2025உடன் விலக்க 2023இல் முடிவாயிற்று. முடிவு தாளில், களிம்பு கடையில்!

அப்புள்ளிகளைத் தந்தது வெயில். நிழற்பந்தலும் கையுறையும் கொடாத முதலாளி தப்பிவிடுகிறார். உழைத்த கை வெட்கப்படுகிறது. அதிகாரிகளே, கடைகளைச் சோதியுங்கள். அம்மையாரே, அக்கைகளை மறைக்காதீர்கள்.