பெர்மானாவின் எல்லை

நாட்டைப் பங்கிடும்போது மக்களை எண்ணிப் பார்ப்பதே நீதி என்பர். எண்ணுதல் எளிது, எந்த வட்டத்துக்குள் நின்று எண்ணுவது என்பதிலேதான் வில்லங்கம் பிறக்கின்றது. அயர்லாந்தின் பெர்மானா என்னும் சிறு மாவட்டம் இதற்கு நல்ல சான்று. வட அயர்லாந்து பிரித்தானியாவுடன் இருப்பதா, குடியரசுடன் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்ற பேச்சு வலுத்துவரும் இக்காலத்தில் அதன் கதை நினைக்கத்தக்கது.

பெர்மானா ஒரு நீர்நாடு. ஏர்ன் ஆறு வடமேற்கு நோக்கி ஓடுகையில் மேலேரி, கீழேரி என இரண்டாக விரிகின்றது. அவற்றின் இடையே ஒரு தீவின்மீது தலைநகரான எனிஸ்கிலன் அமைந்துள்ளது. ஆண்டிற் பாதி ஏரிகள் பெர்மானாவுக்குள் கிடக்கும், மறுபாதி பெர்மானா ஏரிகளுக்குள் கிடக்கும் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அயல் மாவட்டங்கள் ஐந்தனுள் டைரோன் ஒன்றே வட அயர்லாந்தைச் சேர்ந்தது. டொனகோல், லீற்றிம், கவன், மொனகன் ஆகிய நான்கும் குடியரசில் உள்ளன.

இம்மாவட்டத்தின் எல்லை, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சியாளர் மகுவயர் குலத்தாரின் நிலத்தைத் தம் நிருவாகத்துள் அடக்குவதற்காக வகுத்தது. இரு தேசங்களைப் பிரிக்கும் கோடாக அது ஒருநாள் மாறும் என்று அன்று எவரும் எண்ணியிரார். 1610ஐ அடுத்து ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியரும் இங்கே குடியேற்றப்பட்டனர். ஏரிக்கரையின் வளநிலங்களில் வந்தேறிய புரட்டஸ்தாந்தரும் மலைச்சாரல்களிற் பழங்குடிக் கத்தோலிக்கரும் மிகுந்திருந்தனர் என்று பொதுவாகக் கூறலாம். ஆயினும் ஒரே ஒழுங்கையில் இரு சாராரின் பண்ணைகளும் அடுத்தடுத்து இருந்தன. கத்தியால் வெட்டியதுபோல இவர்களைப் பிரிக்கும் கோடு எதனையும் எந்த நில அளவையாளனாலும் வரைய முடியாது.

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பெர்மானாவில் நூற்றுக்கு 56 பேர் கத்தோலிக்கர். மாவட்டத்தையே அலகாகக் கொண்டிருந்தால் அது தெற்குடன் சேர்ந்திருக்கும். ஆனால் 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாவட்டங்களை ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டினுள் பெரும்பான்மையைக் கண்டது. அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களையும் எடுத்தால் புரட்டஸ்தாந்தரின் பெரும்பான்மை மிகச் சிறிதாகிவிடும். அவர்கள் உண்மையிற் பெரும்பான்மையாயிருந்த நான்கை மட்டும் எடுத்தால் அந்நாடு தன் காலில் நில்லாது. ஆகவே ஆறு! முதலில் விடையைத் தீர்மானித்துப் பின்னர் கணக்கைச் செய்தமைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

1921 டிசெம்பரில் பெர்மானா மாவட்டச் சபை டப்ளினுக்கே தன் விசுவாசத்தைத் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. பொலிசார் சபையின் அலுவலகத்தைக் கைப்பற்றினர், சபையும் கலைக்கப்பட்டது. அதே மாதம் கையெழுத்தான ஆங்கில - அயர்லாந்து உடன்படிக்கை, எல்லையைத் திருத்த ஓர் ஆணைக்குழு அமைக்கப்படும் என்றது. குடிகளின் விருப்பத்தை அறிவதோடு பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்கும் அது பொருந்தவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. தலைவரான தென்னாபிரிக்க நீதிபதி பீத்தம் அந்த நிபந்தனைக்கே முதலிடம் அளித்தார். 1925 நவெம்பரில் அறிக்கையின் சாரம் ஒரு பத்திரிகையிற் கசிந்தது. தெற்குக்குச் சுமார் 31,000 பேர் மாற்றப்படுவர் என்பதோடு, தெற்கிலிருந்து சுமார் 7,600 பேரை வடக்கு பெறும் என்பதும் அதனால் வெளிப்பட, டப்ளினிற் கொந்தளிப்பு மூண்டது. டிசெம்பர் 3ஆந் திகதி மூன்று அரசுகளும் பழைய கோட்டையே ஏற்றுக்கொண்டன. அறிக்கை 1969 வரை வெளியிடப்படவில்லை.

அக்கோட்டில் வாழ்ந்தவர் பட்ட பாடு தனி. 1923 ஏப்ரல் 1 முதல் சுங்கச் சாவடிகள் எழுந்தன. பெற்றிகோ என்னும் சிற்றூரை ஒரு சிற்றாறு இரு நாடுகளாக்கிற்று. மொனகனின் குளோனிஸ் பட்டணம், அதன் சந்தைக்கு வந்த பெர்மானாக் கிராமங்களை இழந்து மெலிந்தது. அங்கிருந்து கவனுக்குச் செல்லும் வீதி சில மைலுக்குள் நான்கு முறை எல்லையைக் கடக்கும். டிரமல்லி என்ற மொனகன் துண்டுக்கோ, பெர்மானாவினூடாகவன்றி வேறு வீதியில்லை. 1957இல் பெர்மானாவின் புகையிரதப் பாதைகள் முற்றாக மூடப்பட்டன. உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசார முறையை 1922இல் ஒழித்துத் தொகுதிகளையும் மாற்றி வரைந்தமையால், கத்தோலிக்கர் பெரும்பான்மையான மாவட்டத்தை அரை நூற்றாண்டு வரை யூனியன்வாதிகளே ஆண்டனர்.

1970கள் தொடக்கம் பிரித்தானிய இராணுவம் எல்லை வீதிகளை வெடிவைத்துக் குழிகளாக்கியது. ஊரார் அவற்றை நிரப்பினர். இராணுவம் மீண்டும் தகர்த்தது. எல்லையோரப் பண்ணைகளில் வாழ்ந்த புரட்டஸ்தாந்தர் பலரை, அவர்களுட் பகுதிநேரப் படையினரும் பொலிசாரும் அடங்க, ஐ.ஆர்.ஏ. கொன்றது. தம் இனத்தை நிலத்திலிருந்து அகற்றும் திட்டம் இது என அவர்களின் உறவினர் கருதினர். கத்தோலிக்கரின் முறைப்பாட்டை மட்டுங் கேட்டு எழுந்துபோவோர் பெர்மானாவை அரைகுறையாகவே அறிந்தவராவர். 1987இல் எனிஸ்கிலனில் போர்வீரர் நினைவுநாளன்று குண்டு வெடித்து 11 பேர் மாண்டனர்.

1993இல் சுங்கச் சாவடிகள் மறைந்தன. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் காவற்கோபுரங்களும் நீங்கின. 1972இல் தகர்க்கப்பட்ட அகலேன் பாலத்தின் இடத்தில் 1999இல் புதுப் பாலம் திறக்கப்பட்டது. மைல் கிலோமீற்றராவதைக் கொண்டே இன்று பிரயாணி எல்லையை உணர்கின்றான். 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை நீங்க முடிவு செய்தபோது பெர்மானாவும் தென் டைரோனும் சேர்ந்த தொகுதி நூற்றுக்கு 58 அளவில் அதனை எதிர்த்தது. அங்கேயும் எண்ணிக்கை முழு இராச்சியத்திலேயே நடந்தது.

2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணியுடையோர் 45.7 வீதமாகவும் புரட்டஸ்தாந்தப் பின்னணியுடையோர் 43.5 வீதமாகவும் காணப்பட்டனர். சமயம் வாக்கைத் தீர்மானிக்கும் என்பதற்கில்லை. 2010இல் பெர்மானாத் தொகுதியின் ஆசனம் நான்கே வாக்குகளால் முடிவாயிற்று. 1998 உடன்படிக்கையின்படி வாக்கெடுப்பு நடந்தால் ஆறு மாவட்டங்களும் ஒரே அலகு. ஏரிக்கரைப் புரட்டஸ்தாந்தக் குடியானவன், 1920இல் தன் கத்தோலிக்க அயலவன் நின்ற இடத்தில், தன் சம்மதம் கேட்கப்படாமலே வேறொரு நாட்டுக்குள் நிற்க நேரலாம். அவனுக்கு அன்று என்ன உறுதி அளிக்கப்படும் என்பதை டப்ளின் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.