புறக்கோட்டையின் வாசற்படிகள்

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் கொழும்பு புறக்கோட்டைக்குப் போகாத முஸ்லிம் குடும்பங்கள் குறைவு. இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, கெய்சர் வீதியில் பென்சி சாமான்கள், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரப் பொருட்கள், காசு மிஞ்சினால் செட்டியார் தெருவில் பிள்ளைக்கு ஒரு தோடு. தெமட்டகொடையிலிருந்தும் வருவார்கள், பேருவளையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் பஸ் ஏறியும் வருவார்கள். சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு வெள்ளைச் சுவர்களை அண்ணாந்து பார்த்தபடி, நாட்டாமைமாரின் கைவண்டிகளுக்கு வழிவிட்டு, தோளோடு தோள் இடிபட நடக்கும் அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வந்த ஒருவரைக் காண்பது மிக அரிது. வெள்ளைப் பிரம்போடு வந்து, துணியைத் தானே தடவிப் பார்த்து விலை பேசும் ஒருவரைக் காண்பது அதைவிட அரிது.

அப்படியானவர்கள் எம் நாட்டில் இல்லையா? 2012ஆம் ஆண்டின் குடிசனத் தொகைமதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற ஏதோ ஒன்றில் சிரமமுடையவர்கள். பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே இதில் அடங்குவர் என்று எண்ண வேண்டாம். சீனி வருத்தத்தால் காலை இழந்த மாமாவும், முழங்கால் தேய்ந்துபோன மூத்தம்மாவும் இந்தக் கணக்கில் வருபவர்கள்தான். தேடிப் பார்த்தால் எம்மில் பலரது வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார். அவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

“நீங்க இருங்க, நாங்க வாங்கிட்டு வாறோம்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். அன்பால் சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனது சாச்சி ஒருவர், நடக்க முடியாமல் போன பின்பு தனக்கு வந்த பெருநாள் உடுப்புகளைப் பற்றி ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு வாறதெல்லாம் சாம்பல் நிறம்தான் மகள். வயசு போனா நிறம் பிடிக்காதெண்டு யாரோ முடிவெடுத்திட்டாங்க போல.” ஒரு துணியை விரலிடையே பிடித்துப் பார்த்து, இது வேண்டாம் அதை எடுங்கள் என்று கடைக்காரரை நாலு தரம் ஏணி ஏற வைத்து, கடைசியில் ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கி வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர்களால் அந்தச் சந்தோஷத்தைப் பொதி கட்டிக் கொண்டுவர முடியாது.

சட்டம் இவர்களின் பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் நுழையக்கூடிய எந்தக் கட்டடத்துக்குள்ளும் இடத்துக்குள்ளும் செல்வதற்கு ஒருவருடைய இயலாமை தடையாக்கப்படக் கூடாது என்கிறது. கட்டடங்கள் எப்படி அமைய வேண்டும் என்ற விதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. ஏலவே இருந்த கட்டடங்களைத் திருத்துவதற்கு அவகாசமும் கொடுக்கப்பட்டது, பின்னர் அந்த அவகாசம் நீடிக்கவும்பட்டது. நடைமுறையில் எதுவும் நகரவில்லை என்று கண்டு உயர் நீதிமன்றம் வரை போனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமான அவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த தமது காரின் மீது மரமொன்று விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு ஆளானவர். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே அமைய வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது அவருடைய வழக்கில்தான்.

இதன் பயனைக் காலி முகத்திடலை அண்டி எழுந்துள்ள புதிய வணிக வளாகங்களில் காணலாம். லிப்ட் இருக்கிறது, சாய்வுப் பாதை இருக்கிறது, அகன்ற கழிவறை இருக்கிறது. ஆனால் அங்குள்ள விலைகளில் ஒரு குடும்பத்துக்கே பெருநாள் உடுப்பு எடுக்க எத்தனை வாப்பாமாரால் முடியும்? கையில் காசு குறைந்தவர்கள் போகும் சந்தை புறக்கோட்டைதான், படிகள் அதிகமாக இருப்பதும் அங்கேதான். வசதியாக நுழைவதற்கும் ஒரு விலை வைத்தாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

புறக்கோட்டையைத் திருத்துவது இலகுவான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. சாய்வுப் பாதைக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி என்றால் ஆறு அடி நீளமான சரிவு. கடைக்கு வெளியே அதை அமைத்தால் நடைபாதை முழுவதும் போய்விடும், உள்ளே அமைத்தால் சிறிய கடையில் பாதி இடம் போய்விடும். பழைய கட்டடங்களின் மேல்மாடிக்குச் செல்லும் மரப்படிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். நடைபாதையில் துண்டு விரித்து விற்பவர்களை விரட்டினால் சரி என்று சிலர் சொல்வார்கள். அவர்களும் பிள்ளை குட்டிகளோடு சீவிப்பவர்கள். சக்கர நாற்காலி போவதற்கு மூன்றடி அகலம் போதும். அந்த மூன்றடியைக் கோடு போட்டு ஒதுக்கி, அதற்குள் யாரும் பொதி வைக்காமல் மாநகர சபை பார்த்துக்கொண்டால் வியாபாரமும் நடக்கும், மனிதரும் நடக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். துணிப்பொதிகள் வந்து இறங்கும் நேரத்தில் படியின் மீது ஒரு பலகை வந்துவிடுகிறது. கைவண்டி ஏறுகிறது, பொதி உள்ளே போகிறது, பலகை மீண்டும் மூலைக்குப் போய்விடுகிறது. அதே பலகையைக் கொஞ்சம் நீளமாக, வழுக்காதபடி செய்து, வாசலில் ஓர் அழைப்பு மணியும் வைத்தால் என்ன? மேல்மாடியில் உள்ள அபாயாக்களில் சிலவற்றைக் கீழே கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு பையன் போதும். காது கேளாதவருக்கு விலையைக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டலாம். பார்வையற்றவருக்குத் துணியின் நிறத்தையும் கரையின் வேலைப்பாட்டையும் வாயால் சொல்லலாம். 2011இல் வெளிவந்த எமது நாணயத்தாள்களில், தொட்டுணர்வதற்காக மேடான புள்ளிகள் இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காசைக் கூட அவர்கள் எண்ணித் தருவதற்கு ஏற்பாடு செய்த நாட்டில், அந்தக் காசைக் கொண்டுபோய்ச் செலவழிப்பதற்கு வழியில்லை.

பிரித்தானியாவின் மில்டன் கீன்ஸ் நகரில் 1979இல் ஒரு சேவை தொடங்கினார்கள். கடைத்தெருவுக்கு வருபவருக்குச் சில மணி நேரத்துக்குச் சக்கர நாற்காலியோ மின்சார ஸ்கூட்டரோ இரவலாகக் கொடுப்பார்கள். பின்னர் அது வேறு பல நகரங்களுக்கும் பரவியது. ஊரிலிருந்து பஸ்ஸில் நாற்காலியையும் ஏற்றிவரும் கஷ்டம் இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. கோட்டை புகையிரத நிலையத்துக்கு அருகில் அப்படியொரு மேசை போடலாம். அடையாள அட்டையை வைத்துவிட்டு நாற்காலியை எடுத்துச் செல்லட்டும். நோன்புக் காலத்திலும் சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் நத்தாரிலும் மட்டும் என்றாலும் பரவாயில்லை. பத்து நாற்காலிகளை வாங்குவது வியாபாரிகள் சேர்ந்தால் பெரிய செலவா என்ன?

“அவர்கள் வருவதே இல்லையே, யாருக்காகச் செய்வது?” என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. படியைக் கட்டி வைத்துவிட்டு, ஏறி வருபவரைக் காணோமே என்று கேட்பது என்ன நியாயம்?

ஸதகா கொடுப்பதில் எம் சமூகத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளி என்றவுடன் கை சட்டைப் பைக்குத்தான் போகிறது. ஆனால் கண்பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் சரித்திரத்தைப் படித்தால், நபி (ஸல்) அவர்கள் அவரை எங்கே வைத்திருந்தார்கள் என்பது விளங்கும். அவர் மதீனாவில் அதான் சொன்னார். நபியவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட சமயங்களில் அவரிடமே மதீனாவைப் பொறுப்புக் கொடுத்துச் சென்றார்கள். அவர் தேடி வந்த வேளையில் குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்ததும், அதையொட்டி ஸூரா அபஸ இறங்கியதும் நாம் அஹதிய்யாவில் படித்த பாடம்தானே. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்ற ஹதீஸும் எமக்கு மனப்பாடம். ஆறு அங்குலப் படியும் நடைபாதையின் நடுவே வைத்த பெட்டியும் நடக்க முடியாதவருக்குத் தொல்லை இல்லையா?

இந்த மலரை வாசிக்கும் பெற்றோர்களில் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களும், வேலை பார்ப்பவர்களும் இருப்பீர்கள். அடுத்த நோன்புக்கு முன், பிள்ளையின் அடிமட்டத்தை ஒருநாள் கடைக்கு எடுத்துச் சென்று வாசற்படியின் உயரத்தை அளந்து பாருங்கள். நான்கு அங்குலம் என்றால் நான்கடிப் பலகை ஒன்று தச்சரிடம் சொன்னால் கிடைக்கும். ஒன்பது அங்குலம் என்றால் பலகை போதாது. பக்கத்துக் கடைக்காரரோடும் சேர்ந்து மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். கடிதத்தை எழுதித்தர வீட்டில் மகள்மார் இருக்கிறோம்.