முதல் மூன்று நாள்கள்

ஆண்டுதோறும் சூன் 26ஆம் நாளை உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஐ.நா. பொது அவை 1987இல் அறிவித்த நாள் இது. பேரணி போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். ஆனால் ஏற்கனவே விழுந்துவிட்ட நம் வீட்டுப் பிள்ளையை எப்படித் தூக்கி எடுப்பது என்று மட்டும் நாம் பேசுவதில்லை.

இது எங்கோ தொலைவில் நடக்கும் செய்தி அல்ல. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே, இலங்கைப் படகு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ ஹெராயினை இந்தியக் கடலோரக் காவல்படை கைப்பற்றியது. ஹெராயின் மட்டுமல்ல, டேபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் தமிழகத்தில் பரவியுள்ளது. இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைப் போதையால் பாதிக்கப்பட்டு, உதவி தேவைப்படுவோர் நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்று 2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வு கூறுகிறது.

விளாத்திகுளத்தின் கரிசல் ஊர்களானாலும், வேம்பார், வைப்பாறு போன்ற கடற்கரை ஊர்களானாலும், விஷயம் தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் செய்வது பையனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதுதான். "நாலு நாள் கிடந்தா சரியாயிடுவான், சாமி" என்கிறார்கள் பெற்றோர்.

அந்த நாலு நாளில் நடப்பது என்ன? முதலில் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், உடல் சிலிர்ப்பு. பிறகு மூட்டுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. இரண்டாம், மூன்றாம் நாளில் வேதனை உச்சத்தைத் தொடுகிறது. இது நடிப்பும் அல்ல, திமிரும் அல்ல. போதைக்குப் பழகிவிட்ட உடல் படும் பாடு.

இதற்கு மருந்து உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் புப்ரெனார்பின் மாத்திரை, குடிக்கும் திரவ மருந்தாகவோ மாத்திரையாகவோ தரப்படும் மெத்தடோன் ஆகிய இரண்டையும் உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் புப்ரெனார்பினை நினைத்த நேரத்தில் தொடங்க முடியாது. ஹெராயின் எடுத்தவராயின் 12 மணி நேரமாவது கழிந்து, உடல் வேதனை வெளிப்படத் தொடங்கிய பின்னரே முதல் அளவைக் கொடுப்பது வழக்கம். முந்திக் கொடுத்தால் வேதனை திடீரெனப் பன்மடங்காகும். எனவே மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் தேவை. மற்றொருவரிடம் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்கிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2014 சூனில், மாற்றுப் போதைமருந்து போதிய சிகிச்சை ஆகாது என்று எச்சரித்தார். வேலை, கல்வி, குடும்ப அன்பு இன்றி மாத்திரை மட்டும் மனிதரை மீட்காது என்பது உண்மைதான். ஆனால் உயிரோடு இருப்பவரைத்தானே மீட்க முடியும்! இச்சிகிச்சையில் இருப்போரிடையே இறப்பு, சிகிச்சையை விட்டவர்களிடையே உள்ளதில் பாதிக்கும் கீழே இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சரியான அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போகிறார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

பெரிய ஆபத்து எப்போது தெரியுமா? "நல்லாயிட்டான், மருந்து போதும்" என்று நாம் நிறுத்தச் சொல்லும்போதுதான். உடலின் தாங்குசக்தி அப்போது குறைந்திருக்கும். மீண்டும் தவறி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். பூட்டிய அறையிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுபவரை நாம் குறை சொல்வதில்லையே?

காவல்துறைக்குப் பயந்து மறைப்போரும் உண்டு. தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு, சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே (பிரிவு 64ஏ) வழி வைத்திருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். 2025இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' மீட்பு மையங்களைத் தொடங்கியது.

நல்ல சமாரியர் காயங்களுக்கு மருந்திட்டுக் கட்டியதோடு போய்விடவில்லை. சாவடியில் சேர்த்தார், செலவுக்குக் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார் (லூக்கா 10:33-35). நம் அன்பியத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால், புறணி பேசுவதை விட்டுவிட்டு, மருத்துவமனைக்குத் துணையாக ஒருவர் போவோம். அடுத்த மாதமும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.